நீர்க்காகங்களுக்குப் பொட்டு வைத்த வெள்ளிக்கிழமை

எனக்குப் பதற்றம் வந்தால் கைகால் நடுங்காது. சுறுசுறுப்பாகிவிடும். அதுதான் ஆபத்து. நடுங்குகிற மனிதன் ஒரு மூலையில் குந்தியிருப்பான், சேதம் குறைவு. நானோ உடனே எழும்பி ஏதாவது செய்யத் தொடங்கிவிடுவேன். பால் பொங்கி வழிந்தால் என் மனுசி முதலில் அடுப்பை நிறுத்தமாட்டாள். என்னைத்தான் நிறுத்துவாள்.

2012இல் இந்தக் குணத்தால் ஒரு யப்பானியப் படமும், அதிலிருந்த ஒரு மீனவரும், அவருடைய ஆறு நீர்க்காகங்களும், எங்கள் குடும்பத்தின் சுவிஸ் குடியுரிமையும் ஒரே வார இறுதியில் ஆட்டம் கண்டன.

அப்போது நான் சுவிஸில் பாடன் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். காலையில் சமையலறை. மத்தியானத்துக்குப் பிறகு அறை அறையாகப் போய் பல்ப் மாற்றுவது, இறுகிப்போன ஜன்னலைத் திறப்பது, திறந்த ஜன்னலை மூடுவது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் இருந்தார். எண்பத்து மூன்று வயது. மின்நிலையங்களுக்கான சுழலிகளை உலகமெல்லாம் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தவர். பன்னிரண்டு மணிச் சூப்பு பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்தால், “இன்றைக்குச் சமையலறையில் விபத்து ஏதாவதோ?” என்று உண்மையான அக்கறையுடன் கேட்பார். பத்து வருடத்தில் அவர் என் முன்னால் சிரித்தது இரண்டு தரம். இரண்டு தரமும் நான் பகிடி விடவில்லை.

அந்த மனிதர்தான் எனக்கு நற்சாட்சிக் கடிதம் தர ஒத்துக்கொண்டிருந்தார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எங்கள் நகரசபை மூன்று சுவிஸ்காரரின் கடிதம் கேட்டது. கீழ்வீட்டுப் பெண்மணி ஒன்று தந்துவிட்டார். கட்டிடத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையை நாங்கள் எங்கள் முறைநாளில் மட்டுமே பாவிக்கிறோம் என்று அதில் இரண்டு தரம் எழுதியிருந்தார். சுவிற்சர்லாந்தில் அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி கிடையாது. மகளின் பழைய ஆசிரியர் இரண்டாவது. மூன்றாவது பொறியியலாளர். அவருடைய கடிதம் திங்கட்கிழமை கிடைக்கும், புதன்கிழமை கோப்பை ஒப்படைக்கவேண்டும். நாலாவதாகக் கேட்க எனக்கு ஒரு சுவிஸ்காரரையும் தெரியாது. இருபது வருடமாக இந்த நாட்டில் இருந்தும் ஆள் சேர்க்கவில்லையே என்று அப்போதுதான் வெட்கப்பட்டேன்.

கடிதத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை பிற்பகல் அவருடைய அறையில் படம் விழுந்தது. நான் விழுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். அவர் ஜன்னலைத் திறந்தார், காற்று அடித்தது, படச்சட்டம் ஆணியை விட்டு இறங்கிவிட்டது. நான் ஓடிப்போனபோது அவர் கதிரையில் இருந்தபடி உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒரு தட்டில் அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை நான் பலமுறை தூசு தட்டியிருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகையாகக் காகிதத்தில் ஒற்றி எடுத்த பழைய அச்சுப்படம். கரு நீலத்தில் ஒரு ஆறு. ஓடத்தின் முன்பக்கத்தில் இரும்புக்கூடை தொங்குகிறது, அதற்குள் நெருப்பு எரிகிறது. தலையில் துணி சுற்றி, இடுப்பில் வைக்கோல் பாவாடை கட்டிய மீனவர் நிற்கிறார். ஒரு கையில் ஆறு கயிறு. ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு நீர்க்காகம். நெருப்பு வெளிச்சத்துக்கு மீன் மேலே வர, பறவைகள் முங்கிப் பிடிக்கின்றன.

“கழுத்தைப் பாருங்கள்,” என்றார் பொறியியலாளர். அவர் பேசியது ஜெர்மன்தான், நான் தமிழில் எழுதுகிறேன். “ஒரு சின்ன வளையம். குட்டி மீன் உள்ளே இறங்கும், பறவைக்குச் சாப்பாடு. பெரிய மீன் தொண்டையில் நிற்கும், அது மீனவனுக்கு. அளவு முக்கியம். இறுக்கினால் பறவை போய்விடும். தளர்த்தினால் மீன் போய்விடும்.”

இளம் வயதில் சுழலி பூட்டப் போன இடத்தில் அந்த மீன்பிடியைப் பார்த்தாராம். அடுத்தநாள் ஒரு பழைய கடையில் இந்தப் படத்தைக் கண்டு வாங்கினாராம். தான் கண்டதை அப்படியே காட்டுகிற ஒரே பொருள் அதுதான் என்றார். பிறகு என்னிடம் கேட்டார், “உங்களிடம் கார் இருக்கிறது. நாளை காலை பாடனில் படச்சட்டக்கடை திறந்திருக்கும். புதுக் கண்ணாடி போட்டுத் திங்கள் கொண்டுவருவீர்களா?”

“கட்டாயம்,” என்றேன்.

“ஒருவரும் தொடக்கூடாது. தண்ணீர் பட்டால் நிறம் ஓடும்.”

“கட்டாயம்,” என்றேன் மறுபடியும்.

இரண்டு மட்டைகளுக்கு நடுவில் படத்தை வைத்து, நூலால் கட்டி, காரின் முன் ஆசனத்தில் கிடத்தி, அதற்கு இருக்கைப் பட்டியும் போட்டேன். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வீடு வந்தேன். பின்னால் வந்த எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். அப்போதே எனக்குப் பதற்றம் தொடங்கிவிட்டது என்று இப்போது விளங்குகிறது.

வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஆயத்தம். மனுசி சாமி அலுமாரியைத் திறந்து, படங்களைத் துடைத்து, சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசாமல் மட்டையை அறைக்குள் வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். ஆனால் அப்படியொரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் இருக்க எனக்கு ஏலாது. நூலை அவிழ்த்தேன்.

“இஞ்ச வாரும், ஒரு சாமான் காட்டுறன். தொடாமல் பாரும்.”

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “ஆரப்பா இந்த ஆள்? வைக்கோல் கட்டிக்கொண்டு நிக்குது?”

வளையக் கதையைச் சொன்னேன், பெரிய மீன் தொண்டையில் நிற்கிற விதத்தை என் தொண்டையைப் பிடித்தே நடித்துக் காட்டினேன்.

“நல்ல ஏற்பாடு,” என்றாள் மனுசி. “கல்யாண வீடுகளுக்குப் போகேக்க உங்களுக்கும் ஒண்டு கட்டி விடலாம். ரோல்ஸ் தட்டு கொஞ்சம் தப்பும்.”

“பகிடி விடாதையும். திங்கக்கிழமை இது பழுதில்லாமல் போகாட்டில் கடிதம் இல்லை. கடிதம் இல்லாட்டில் கோப்பு இல்லை. பிறகு எத்தினை வருசமோ தெரியாது.” சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. “இதை சாமிக்கு முன்னால வையும். ஒண்டும் நடக்காமல் பத்திரமாப் போய்ச் சேர வேணும் எண்டு நல்லாக் கும்பிடும்.”

“கும்பிடுறன். நீங்கள் போய்க் கால் முகம் கழுவிக்கொண்டு வாங்கோ.”

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளும் பொட்டு வாங்காமல் எங்கள் வீட்டில் குடியேறியது கிடையாது. கார், குளிர்சாதனப் பெட்டி, சோறு அவிக்கும் மெசின், மகளின் கணினி, ஒருமுறை எனக்கு முழங்காலில் கத்தி வைத்தபோது ஆஸ்பத்திரி தந்த ஊன்றுகோல்கள், எல்லாம் நெற்றி என்று ஒன்று இருக்கக்கூடிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வாங்கியவை. பத்திரமாகப் போய்ச் சேரவேண்டிய பொருள் என்றால் கேட்கவே தேவையில்லை. இது எனக்கும் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் படத்தை மனுசியின் கையில் கொடுத்து, சாமிக்கு முன்னால் வை என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் போனேன்.

துவாயோடு திரும்பி வந்தேன். மீனவரின் தலைத்துணிக்குக் கீழே, சரியாகப் புருவங்களுக்கு நடுவில், அழகான ஒரு சந்தனப் பொட்டு. அதற்குள் குங்குமம். முதலாவது நீர்க்காகத்துக்கும் பொட்டு. இரண்டாவதுக்குச் சந்தனம் வைத்தாயிற்று, குங்குமத்துக்காக மோதிரவிரல் கிண்ணத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் காலால் தரையைத் தட்டினார்.

“என்னப்பா, ஏன் கத்துறியள்?”

“ஐயோ, கண்ணாடி இல்லையெல்லோ! அது காகிதமப்பா!”

மனுசி விரலை அப்படியே நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. “நீங்கள்தானே பத்திரமாப் போக வேணும் எண்டனீங்கள்,” என்றாள் மெல்லமாக.

“பறவைகளுக்கும் ஏன் வைச்சனீர்?”

“அந்த மனுசனுக்கு மட்டும் வைச்சால் வேலை செய்யிற சீவன்களுக்குக் குறையெல்லோ.”

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் குளியலறைக்குள் ஓடினேன். மகளின் தலை உலர்த்தும் மெசினைக் கொண்டுவந்தேன். என் கணக்கு மிகவும் விஞ்ஞானபூர்வமானது: ஈரம் காய்ந்தால் சந்தனம் உதிரும், உதிர்ந்தால் ஊதிவிடலாம்.

காய்ந்தது. அதுவரை சரி. இரண்டாவது பறவையின் சந்தனம் செதிலாகக் கிளம்பி விழுந்தது, மெல்லிய மஞ்சள் நிழல் மட்டும் மிச்சம். நான் உற்சாகமாகி மெசினை மீனவரின் பக்கம் திருப்பினேன். குங்குமம் தூள் அல்லவா? நெற்றியிலிருந்து எழும்பிப் பறந்தது. ஆற்றின் மேலே, நெருப்புக் கூடையின் மேலே, இதுவரை பொட்டில்லாமல் தப்பியிருந்த நாலு நீர்க்காகங்களின் மேலே மெதுவாகப் படிந்தது. மனுசி வைத்தது இரண்டரைப் பொட்டு. நான் ஆறு முழுக்க வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் வகுப்பு முடிந்து வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆய்வுகூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமலே நிலைமையைப் பார்த்தாள்.

“அப்பா, அந்த மெசினைக் கீழ வையுங்கோ.”

“பிள்ளை, பாண் துண்டு ஒண்டால ஒத்தி எடுத்தால்...”

“பாணும் வேண்டாம். அப்பா, ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ.”

வைத்தேன். அவள் தன் ஓவியத் தூரிகை ஒன்றை எடுத்து, தூளை ஒவ்வொரு துகளாகத் தட்டி, ஒரு கடதாசியில் சேர்த்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஆறு கிட்டத்தட்ட நீலமாகியது. ஆனால் மீனவரின் நெற்றியிலும் முதலாவது பறவையின் தலையிலும் சிவப்பு காகிதத்துக்குள் இறங்கிவிட்டது.

“இதுக்கு மேல நான் தொடமாட்டன். அவரிட்டச் சொல்லுங்கோ.”

“சொன்னால் கடிதம் தரமாட்டாரெல்லோ.”

“நீங்கள் நேர்மையான ஆள் எண்டுதானே அப்பா அவர் கடிதம் எழுதுறார்?”

பிள்ளைகளைப் படிப்பித்தால் இப்படித்தான், அவசரத்துக்கு உதவாத கேள்வி கேட்பார்கள்.

சனிக்கிழமை காலை சட்டக்கடைக்குப் போகும் வழியில், எங்கள் ஊர்ச் சாமான் விற்கும் கடையில் காரை நிறுத்தினேன். கடைக்கார அண்ணை சாமிப் படங்களுக்கும் நினைவு அட்டைகளுக்கும் பிளாஸ்ரிக் உறை ஒட்டிக் கொடுப்பவர். பட விசயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர். மட்டையை முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே வைத்துத் திறந்தேன்.

அண்ணை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நல்ல முகவெட்டு. பொட்டு எடுப்பா இருக்கு. எந்தக் கோயில்?”

“கோயில் இல்லை அண்ணை, யப்பான்.” நடந்ததைச் சொன்னேன்.

“உதுக்கே இப்பிடி அழுறாய்? லமினேற் பண்ணித் தாறன். நூறு வருசத்துக்கு அசையாது. தண்ணிக்குள்ள போட்டாலும் மிதக்கும்.”

ஒரு நொடி யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நொடிதான்.

“வேண்டாம் அண்ணை. நான் கேக்கிறது, அந்தாளிட்டச் சொல்லிப்போட்டுக் கடிதத்தை வாங்கிறதோ, வாங்கிப்போட்டுச் சொல்லுறதோ?”

“விசர்க் கேள்வி கேக்காதை. முதல்ல கடிதத்தை வாங்கு. பேந்து பாஸ்போட்டை வாங்கு. பேந்து வயசுபோன காலத்தில அந்தாளுக்கு ஏன் மனவருத்தம் எண்டு சொல்லாமலே விடு.”

படித்த மகள் ஒரு பக்கம், அனுபவசாலி அண்ணை ஒரு பக்கம். எனக்கு அண்ணையின் பக்கம்தான் நிழல் அதிகமாகத் தெரிந்தது.

சட்டக்கடைக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கினார்.

“இந்தச் சிவப்பு,” என்றார். “நெற்றியில். முதலிலிருந்தே இருந்ததா?”

“ஓம்,” என்றது என் வாய். நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. அதோடு நின்றிருக்கலாம். “யப்பானில் அப்படித்தான்,” என்றும் சேர்த்தது.

அவர் தலையை ஆட்டினார். “எவ்வளவு சின்னப் புள்ளி, ஆனால் பார்வை முழுக்க அங்கேயே போகிறது. அவர்களுக்கு ரசனை இருக்கிறது.” புதுக் கண்ணாடியைப் போட்டு, பின்பக்கம் ஒட்டி, துடைத்துத் தந்தார். என் மனுசியின் கைவேலையை ஒரு சுவிஸ்காரர் பாராட்டியது அதுதான் முதல் தரம். ஆனால் வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய நிலைமையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. உண்மையாகவே தொண்டைக்குள் ஏதோ நின்றது. மனுசி ரசம் வைத்துத் தந்தாள், இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவருடைய கதவைத் தட்டினேன். படம் கையில், முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் காரிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

“குரூற்சி,” என்று சுவிஸ் வணக்கம் சொன்னார். “எல்லாம் நன்றாக முடிந்ததா?”

“மிகவும் நன்றாக.”

ஆணியில் மாட்டினேன். மட்டம் பார்த்தார், இடது பக்கத்தை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தச் சொன்னார். மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது. கட்டிலிலிருந்து பார்க்கும் தூரத்தில் சரியாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு உறையை எடுத்தார். என் கண் அந்த உறையை விட்டு விலகவில்லை. கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, படியிறங்கிவிடலாம்.

கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “நான் எழுதியதில் தகவல் பிழை இருக்கிறதா என்று நீங்கள் சரிபார்க்கவேண்டும்,” என்று வாசிக்கத் தொடங்கினார். இத்தனை வருடமாக என்னைத் தெரியும். நேரம் தவறுவதில்லை. சூப்பு விடயத்தில் மட்டும் சில விலகல்கள். வேலையில் கவனம். ஜெர்மன் விளங்கக்கூடியது, இலக்கணம் முன்னேற இடமுண்டு. பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அவர் நேர்மையானவர்” என்று வாசித்தார்.

எனக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் அல்ல. அவர் எழும்பி முதுகில் தட்டினார், தண்ணீர் தந்தார். மூன்று நாளாக நின்றதெல்லாம் ஒரே தரத்தில் வெளியே வந்தது. வந்த ஜெர்மனில் இலக்கணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

“என் மனுசி உங்கள் பறவைகளை ஆசீர்வதித்துவிட்டாள்!”

அவர் கடிதத்தைக் கீழே வைத்தார். “எத்தனை?”

“இரண்டு பறவை. ஒரு மனிதர்.”

“எதனால்?”

“சந்தன மரம். தூள். சிவப்புத் தூளும். நான்தான் கேட்டேன், நான் கேட்டிராவிட்டால் அவள் வைத்திருக்கமாட்டாள். பிறகு நான் காற்று அடித்தேன். சூடான காற்று. கடையில் யப்பான் என்று பொய் சொன்னேன். இப்போது உங்களிடம் மிகவும் நன்றாக என்று சொன்னேன். அதுவும் பொய்.”

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார். மீனவரைப் பார்த்தார். பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கீழே சமையலறையில் என் சக தொழிலாளி தட்டு அடுக்கும் சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டது. அவர் திரும்பியபோது காதுகள் சிவந்திருந்தன. அந்த மனிதர் கோபப்பட்டு நான் கண்டதில்லை. சத்தம் போடவில்லை. மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தார், லாச்சிக்குள் வைத்தார், லாச்சியைத் தள்ளி மூடினார்.

“போய் வாருங்கள்,” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள், மனுசி அழுதாள். கடைக்கார அண்ணைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னபோது, “உன்னையெல்லாம் ஆர் கடல் தாண்ட விட்டது?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சூப்பை நானே கொண்டுபோனேன், பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாக. அவர் குனிந்தபடியே குடித்தார். வெறும் தட்டை எடுக்கப் போனபோது தட்டின் கீழே உறை இருந்தது.

படிக்கட்டில் நின்று வாசித்தேன். தட்டச்சில் எழுதியது முழுக்க அப்படியே இருந்தது. “நேர்மையானவர்” என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே கையெழுத்தில் ஒரு அடிக்குறிப்பு, சுழலி பரிசோதனை அறிக்கை மாதிரி: “என் நீர்க்காக மீன்பிடிப் படம் இவருடைய வீட்டில் சேதமடைந்தது. காரணம் இவருடைய மனைவி சமய வழக்கப்படி செய்த ஆசீர்வாதம், பிறகு இவருடைய தவறான பழுதுபார்ப்பு. பத்து நிமிடம் மறைக்க முயன்றார். பதினோராவது நிமிடத்தில், ஒருவரும் கேட்காமல், தானே சொன்னார். எனவே மேலே உள்ள சொல்லை நான் மாற்றவில்லை.”

திரும்பி ஓடினேன். “ஐயா, இதை அப்படியே கொடுப்பதா?”

“அளவீடு அதுதான்,” என்றார். “வேறு அளவீடு என்னிடம் இல்லை.” படம் சுவரிலேயே இருந்தது. மீனவர் பொட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை அதைக் கோப்பில் வைத்துக் கொடுத்தேன். வேறு கடிதம் என்னிடம் இருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து நேர்காணல். ஐந்து பேர் கொண்ட குழு. என்னையும் மனுசியையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். அதற்காக நான் இருபத்தாறு மாநிலங்களையும் எழுத்து வரிசையில் பாடமாக்கியிருந்தேன், குளிக்கும்போது பின்பக்கமாகவும் சொல்லுவேன். மலைகள், ஏரிகள், ஏழு அமைச்சர்கள், எல்லாம் நுனிநாக்கில். தலைவி கோப்பைத் திறந்தார். கடைசியில் இருந்த தடித்த மீசைக்காரர் நற்சாட்சிக் கடிதங்களைப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

“நீர்க்காகமா?” என்றார்.

“ஓம், ஒரு படம்,” என்று தொடங்கினேன்.

“நான் முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவன்.” அவருடைய குரல் மாறியது. “அந்தப் பறவைகளைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள். இவை எங்கள் பறவைகளே அல்ல. எங்கிருந்தோ வந்தவை. முதலில் குளிர்காலத்துக்கு மட்டும் வந்தன. சரி, வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம். பார்த்தால் போகவில்லை. இங்கேயே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குடும்பம் குடும்பமாக இருந்து, எங்கள் மீனைத் தின்னுகின்றன.”

தலைவி பேனையை மேசையில் வைத்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். மீசைக்காரர் உண்மையில் பறவைகளைப் பற்றித்தான் பேசுகிறார், பாவம், அவருக்கு உள்நோக்கம் ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவரோடு ஒத்துப்போனால் நான் எங்கே போய் நிற்பேன்? ஒத்துப்போகாவிட்டால் எங்கே போய் நிற்பேன்?

“நீங்கள் அதற்கு ஆசீர்வாதம் செய்தீர்களாமே?” என்று மனுசியிடம் திரும்பினார்.

மனுசியின் ஜெர்மன் என்னுடையதைவிடச் சின்னது. ஆனால் அவள் அதைப் பதறாமல் பாவிப்பாள். “படத்தில் பறவை வேலை செய்யுது,” என்றாள். “கழுத்தில் வளையம். மீன் பிடிக்கும், தின்னாது. குடுத்துவிடும். வேலை செய்யிறவைக்கு நாங்கள் பொட்டு வைக்கிறது.”

“சரி. வளையத்தைக் கழற்றினால்?”

“கழற்றினால் தின்னும்தானே,” என்றாள் மனுசி. “அதுக்கும் பசிக்கும்.”

தலைவி முதலில் சிரித்தார். பிறகு மற்ற மூவரும். மீசைக்காரர் கடைசியாக, தன் மீசைக்குள்ளேயே. பிறகு அவர் தூண்டில் கதைக்குள் இறங்கிவிட்டார். வளையம் எதனால் செய்தது, எந்த மீன், எத்தனை பறவை, இங்கே அதற்கு அனுமதி கிடைக்குமா. கால் மணித்தியாலம் போனது. தலைவி மணியைப் பார்த்து, “எங்களுக்கு வேறு கேள்வி இல்லை. நாங்கள் சிபாரிசு செய்வோம்,” என்று கோப்பை மூடப் போனார்.

பேசாமல் எழும்பியிருக்கவேண்டும். ஆனால் இருபத்தாறு மாநிலமும் உள்ளே கிடந்து முட்டின.

“நீங்கள் ஏரிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே?” என்றேன்.

மனுசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பிந்திவிட்டது. மீசைக்காரர் சந்தோசமாக முன்னுக்குச் சாய்ந்தார். “நல்லது. எங்கள் மாநிலத்துக்குள்ளே இருக்கும் பெரிய ஏரி எது?”

எட்டு மாதம் பாடமாக்கிய அத்தனையும் அந்த நொடியில் பறந்துவிட்டது. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. ஐந்து பேரும் காத்திருந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன்.

“ஹால்வில் ஏரி,” என்றாள் மனுசி.

தலைவி ஏதோ எழுதினார். அந்தப் பதிலை அவளுடைய பெயருக்கு நேரே எழுதினாரா, என்னுடைய பெயருக்கு நேரே எழுதினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனுசி தன்னுடையதுதான் என்கிறாள். சிவப்புக் கடவுச்சீட்டு இரண்டு பேருக்கும்தான் வந்தது.